12 வருடம் காத்திருக்கும் செடி! 150 வருடம் காத்திருக்கும் சுறா!

மலையில் பூக்கும் குறிஞ்சிச் செடிக்கும், கடலில் நீந்தும் சுறா மீனுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. சந்ததியைப் பெருக்க இரண்டுமே வெகுகாலம் காத்திருக்கின்றன!

ஒரே தடவை பூக்கும்

நீலக்குறிஞ்சி, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் குத்துச்செடி. நீலகிரி, கொடைக்கானல், மூணாறு ஆகிய இடங்களில் இதைக் காணலாம்.

இந்தச் செடி முளைத்துப் பூப்பதற்கு 12 வருடம் ஆகும். அந்த வருடம் வந்ததும், ஒரு மலைச்சரிவில் உள்ள செடிகள் எல்லாம் சேர்ந்து பூக்கும். சரிவே நீல நிறமாக மாறிவிடும். விதை முற்றியதும் செடி பட்டுப்போகும். வாழ்நாளில் ஒரே தடவைதான் பூ!

மூணாறில் 2006-லும், 2018-லும் பூத்தது. அடுத்து 2030-ல் பூக்க வேண்டும்.

கட்டபொம்மனுக்கு மூத்தது

கிரீன்லாந்து சுறா வட அட்லாண்டிக் கடலிலும், அதற்கும் வடக்கே உள்ள பனிக்கடலிலும் வசிக்கிறது. வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கூட வளராது!

இதன் வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? கண்ணை வைத்து!

சுறாவின் கண்ணில் உள்ள லென்சின் நடுப்பகுதி, தாய் வயிற்றிலேயே உருவாகிவிடும். பிறகு மாறாது. 28 சுறாக்களின் கண்களை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் மிகப் பெரிய சுறாவுக்குக் குறைந்தது 272 வயது! வீரபாண்டிய கட்டபொம்மன் பிறந்தது 1760-ல். அதற்கு முன்பே அந்தச் சுறா பிறந்துவிட்டது!

பெண் சுறா குட்டி போடும் பருவத்தை அடையவே சுமார் 150 வருடம் ஆகிறது.

என்ன ஆபத்து?

சுறா பருவம் அடைந்த பிறகும் பல காலம் வாழும். குறிஞ்சியோ பூத்ததும் மடியும். ஆனால் ஆபத்து இரண்டுக்கும் ஒன்றுதான்.

குறிஞ்சியைப் பதினோராவது வருடத்தில் வெட்டினால், ஒரு விதை கூட மிஞ்சாது. சுறாவை நூறாவது வயதில் பிடித்தால், ஒரு குட்டி கூட மிஞ்சாது. நூறு வயது ஆனாலும் அது இன்னும் சிறுமிதான்!

முன்பு ஈரல் எண்ணெய்க்காக இந்தச் சுறாக்களை வேட்டையாடினார்கள். இப்போது வேறு மீனுக்கு வீசும் வலையில் சிக்கிச் சாகின்றன. குறிஞ்சி வளர்ந்த புல்வெளிகளைத் தேயிலைத் தோட்டங்களும், யூகலிப்டஸ் தோப்புகளும் பிடித்துக்கொண்டன.

குறிஞ்சி பூக்கும்போது குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். கண்ணால் பார்க்கட்டும். ஆனால் ஒரு கொத்து கூடப் பறிக்க வேண்டாம். அந்தப் பூ விதையானால்தான், அடுத்த 12 வருடம் கழித்து மலை மறுபடியும் நீலமாகும்!