சலானில் தப்பு இருந்தால் எங்கே இருக்கும்?

நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குக் காரில் போய்வருகிறவர்களுக்கு 2023 ஜூன் 5 முதல் ஒரு புதுக் கவலை. அன்றுதான் கேரள மோட்டார் வாகனத் துறை 'சேஃப் கேரளா' திட்டத்தின் 726 கேமராக்களை வைத்து அபராதம் போடத் தொடங்கியது. எல்லாவற்றையும் 'ஏஐ கேமரா' என்றே ஊர் சொல்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஹெல்மெட்டையும் சீட் பெல்ட்டையும் பார்ப்பவை. வேகத்தை அளக்க என்று வைத்தவை எட்டுதான்.

அவற்றில் ஒன்று நம்மைப் பிடித்து அபராதச் சலான் வந்தால், 'நான் அவ்வளவு வேகமாகப் போகவே இல்லையே' என்பதுதான் வாயில் வரும் முதல் பேச்சு. கட்டுவதா, கோர்ட்டுக்குப் போவதா என்று முடிவெடுக்குமுன் கருவிக்கு வேகம் எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

வேகம் பிடிக்கும் ராடார்களில் ஒரு வகை, விநாடிக்கு 2,412 கோடி தடவைக்கு மேல் அதிரும் அலையை அனுப்புகிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் எதிரே வரும் காரில் அது பட்டுத் திரும்பும்போது அதிர்வு கொஞ்சம் கூடியிருக்கும். எவ்வளவு? விநாடிக்குச் சுமார் 2,230. ஏறக்குறைய கோடியில் ஒரு பங்கு! இதை நேரடியாக எண்ணிப் பார்ப்பதில்லை. போன அலையையும் வந்த அலையையும் கலக்கிறார்கள். தம்புராவில் இரண்டு தந்திகள் சற்றே பிசகி நின்றால் ஓர் அலைவு கேட்குமே, அதுபோல வித்தியாசம் மட்டும் தனியே எழுகிறது. 2,230 என்பது மனிதக் காதுக்கு எட்டும் சுருதி. ஒலிபெருக்கியில் கொடுத்தால் உங்கள் கார் கீச்சென்று பாடும்.

எதிரே வருவதில் பட்டால் அலையின் அதிர்வு கூடும் என்பது 1842-இல் இயற்பியலாளர் டாப்ளர் சொன்ன விதியிலிருந்து வருவது. மூன்று ஆண்டு கழித்து நெதர்லாந்தில் ரயிலில் எக்காளக்காரர்களை ஏற்றி ஊதவிட்டுச் சோதித்தார்கள். கழக்கூட்டத்துக்குப் பக்கத்திலுள்ள தும்பாவின் வானிலை ராடாரும் இதே விதியால்தான் அரபிக்கடல் மழைமேகம் நகரும் வேகத்தைச் சொல்கிறது.

ரோந்து வண்டிகளில் வரும் லேசர் துப்பாக்கியின் வழி வேறு. ஒளித்துடிப்புகளை வரிசையாக அனுப்பி, ஒவ்வொன்றும் திரும்பும் நேரத்தை நானோ விநாடியில் அளந்து, தூரம் எப்படிக் குறைகிறது என்று கணக்கிடும்.

கருவி பிசகாதா? பிசகும். ஆனால் பெரும்பாலும் நமக்குச் சாதகமாக. சாலைக்கு 20 டிகிரி சாய்வாகப் பார்க்கும் ராடாருக்கு 60 கிலோமீட்டர் வேகம் 56-ஆகத்தான் தெரியும். கம்பத்தில் நிற்பவற்றில் இந்தக் கோணத்தைக் கணக்கில் சேர்த்துத் திருத்திவிடுவார்கள். கம்பம் நகர்ந்தால்தான் வம்பு. 'என் மீட்டரில் ஐம்பதுதான் காட்டியது' என்ற வாதமும் முழுக்கத் தள்ளத்தக்கதல்ல. மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பதால் சற்றே கூட்டிக் காட்டும்படிதான் செய்கிறார்கள். ஆனால் ஆசைக்குப் பெரிய டயர் மாட்டியிருந்தால் கதை மாறிவிடும்.

ராடாரின் நிஜமான பலவீனம் வேறு: அளந்தது யாருடைய வேகம் என்பது. 12 டிகிரி விரியும் கற்றை 100 மீட்டரில் 21 மீட்டர் அகலமாகிவிடும். அதற்குள் காரும் இருக்கும், லாரியும் இருக்கும். லாரியின் எதிரொலி உரக்கக் கேட்கும். லேசர் கற்றையோ அதே தூரத்தில் ஒரு சாண் இரண்டு சாண்தான் விரியும்.

ஆகவே சலானில் முதலில் பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல, படத்தை. நம்பர் பிளேட் நம்முடையதா? எட்டை 'பி' என்று படித்திருக்கிறதா? எந்தச் சாலை? 2023 ஜூலை 1 முதல் கேரளத்தில் காருக்கு நகரத்துக்குள் 50, எம்.சி. ரோட்டில் 90, நான்குவழித் தேசிய நெடுஞ்சாலையில் 100. இடையில் தனிப்பலகை இருந்தால் அதில் உள்ளதுதான் வரம்பு. மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-யின்படி கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தரச்சான்று வேண்டும், கேமரா இருப்பதாக முன்கூட்டியே பலகை வைக்க வேண்டும், 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். சலானையும் படத்தையும் அரசின் பரிவாகன் தளத்தின் முகவரியை நீங்களே தட்டித் திறந்து பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு சலான் அல்ல, திருடன்.

கட்டாமல் விட்டால் வழக்கு இணைய நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே அபராதத்தை ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்தால் வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். வண்டிச் செலவும் ஒரு நாள் கூலியும் நம் கையிலிருந்து. காரும் நம்முடையது, வரம்பும் சரி என்றால் 1,500 ரூபாயைக் கட்டிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. நம்பர் தப்பென்றால் கோர்ட்டுக்கு முன்னால் தளத்திலேயே புகார் கொடுக்கலாம். ராடார் கேமரா எடுத்த படத்தில் பக்கத்துத் தடத்தில் ஒரு லாரி முந்திக்கொண்டிருந்தால் மட்டும், அந்தப் படத்தை அச்செடுத்துக்கொண்டு களியக்காவிளை தாண்டிப் போய்வரலாம்.