உங்களுக்குத் தெரியுமா? ஆம்பூர் முதல் கடல் வரை பாலாறு

நந்தி மலையில் பிறக்கும் பாலாறு 348 கி.மீ. ஓடுகிறது. அதில் 222 கி.மீ. தமிழ்நாட்டில். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூரைத் தாண்டி, கல்பாக்கத்தை அடுத்த வயலூர் அருகே கடலில் கலக்கிறது. நல்ல தண்ணீர் வந்து சேர்ந்தால்தான் முகத்துவாரம் முகத்துவாரமாக இருக்கும். அந்தத் தண்ணீரின் தரத்துக்கு, வாணியம்பாடியும் ஆம்பூரும் இருக்கும் திருப்பத்தூர் மாவட்டமும் பொறுப்பு.

பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகளின் (தோல் பதனிடும் ஆலைகளின்) கழிவு என்றதும் குரோமியத்தைத்தான் நினைக்கிறோம். அதைப் பிரித்து எடுத்துவிட முடியும். பெரும் தலைவலி சாதாரண உப்பு! பச்சைத் தோல் அழுகாமலிருக்க, அதன் எடையில் 30 முதல் 40 சதவீதம் வரை உப்புப் போடுகிறார்கள். தோல் ஷாப்பில் முதலில் ஊறவைக்கும்போது அதில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். தண்ணீரில் கரைந்த உப்பை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்காது. ஊறவைக்கும் முன்பே தோலை உதறி உப்பைத் தட்டி எடுத்தால் சுமை கணிசமாகக் குறையும். கைவேலைதான், பெரிய இயந்திரம் தேவையில்லை.

வாணியம்பாடியில் வாணிடெக், ஆம்பூரில் ஆம்பூர்டெக். இவை தோல் ஷாப்பு முதலாளிகள் பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள். தனியாக நிலையம் கட்ட வசதியில்லாத சிறு ஷாப்புகளுக்கு இது பெரிய ஆதரவு. நல்ல ஏற்பாடு, ஆனால் மழை இரவிலும் கழிவு ஆற்றுக்குள் போகாமலிருந்தால்தான் அதற்கு மதிப்பு.

இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் வேலூருக்குத் தனி இடம் உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதாக ஓர் ஆய்வு சொன்னதையும் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம்! ஊர்க்காரர்கள் போட்ட வழக்கு நாடு முழுவதற்கும் சட்டமானது.

தீர்ப்புக்குப் பின்னும் ஆபத்து தீரவில்லை. 2015 ஜனவரி 31. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

பாலாற்றுப் படுகையில் நம்பிக்கை தரும் கதையும் உண்டு. வேலூர் மாவட்டத்தில் வறண்டு கிடந்த நாகநதியில் 2014 முதல் வாழும் கலை அமைப்புடன் கைகோத்து இறங்கியவர்கள் நூறு நாள் வேலைத் திட்டப் பெண்கள். மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறைகிணறுகளும் சிறு தடுப்பணைகளும் அவர்கள் உழைப்பு. இந்தியப் பிரதமர் 2021 செப்டம்பரில் வானொலி உரையில் அவர்களைப் பாராட்டினார். பாலாற்றுப் படுகையின் மற்ற துணையாறுகளுக்கும் இதே வழி ஏற்றது என்பது என் உறுதியான நம்பிக்கை.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்றுக்காகப் பேசியது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு, மாசுபடுத்தியவரிடமிருந்து பணத்தை மீட்டல் என உத்தரவுகள் வந்தன. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள்!

குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு நீராதாரமே இல்லையென்றால் 2,000 வரை. உங்கள் ஊர்க் கிணற்றில் எவ்வளவு? மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தன்று கூடும் கிராம சபையில் கேளுங்கள். அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.