தொடர்களில் தோன்றாத நீதித்துறை நடுவர்

ஸ்ரீரங்கம் சித்திரை வீதிகளில் இரவு எட்டு மணிக்கு நடந்தால், ஒரே தொலைக்காட்சித் தொடரின் வசனத்தை வீடுவீடாகக் கேட்டுக்கொண்டே போகலாம். எங்கள் தெரு முதியவர்கள் இன்னும் அதை 'நாடகம்' என்றுதான் சொல்கிறார்கள். அந்த நாடகங்களில் அவ்வப்போது காவல் நிலையமும் வந்துவிடும்.

வில்லி பொய்ப் புகார் கொடுப்பாள். இருட்டிய பிறகு ஜீப் வந்து நிற்கும். கதாநாயகியை இழுத்துச் செல்வார்கள். என்ன குற்றம் என்று யாரும் சொல்வதில்லை. சில நாள் கதறலுக்குப் பின் செல்வாக்குள்ள ஒருவர் தொலைபேசியில் பேசுவார். லாக்கப் கதவு திறக்கும்.

சட்டம் சொல்வது வேறு. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது கூறு. சூரியன் மறைந்த பிறகு ஒரு பெண்ணைக் கைது செய்ய, விதிவிலக்கான சூழல்களில்கூட நடுவரின் முன் அனுமதி வேண்டும். கைது செய்பவரும் பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். சாட்சியின் கையொப்பத்துடன் கைதுக் குறிப்பு எழுத வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் கூறியது. 24 மணி நேரம் என்ற சொல்லை நான் எந்தத் தொடரிலும் கேட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், காணாமல்போன இருசக்கர வாகனம் ஒன்றைப் பற்றி விசாரிக்க எங்கள் பகுதி இளைஞர் ஒருவரை அழைத்துச் சென்றார்கள். இரவு பத்து மணிக்கு அவருடைய தாயார் என் வீட்டுக்கு வந்தார். "சார், பெரிய இடத்துல யாரையாவது தெரியுமா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. வழக்கறிஞரைப் பார்க்கலாம் என்றேன். 24 மணி நேரக் கணக்கையும் சொன்னேன். "அதெல்லாம் நமக்கு ஏது சார்" என்றார். மறுநாள் மகன் திரும்பிவந்துவிட்டார். அந்த 'நமக்கு ஏது' மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

அதைத் தொடர்கள்தான் அவருக்குக் கற்பித்தன என்று சொல்ல மாட்டேன். அக்கம்பக்கத்து அனுபவங்கள் அதைவிட அதிகம் கற்பித்திருக்கும். ஆனால் நாள்தோறும் வீட்டுக்குள் வரும் தொடர் அந்த நம்பிக்கையின்மையை ஒருநாளும் திருத்துவதில்லை. உரிமையால் யாரும் வெளியே வருவதில்லை, தயவால்தான் வருகிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே லாக்கப்பில் பின்னொரு வாரம் வில்லன் அடிவாங்குவான். அப்போது நமக்கு மனம் குளிர்கிறது. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றபோது மக்கள் அவர்கள்மீது மலர் தூவினர். கொல்லும் நோக்குடனேயே சுட்டனர் என்று நீதிபதி சிர்புர்கர் ஆணையம் 2022இல் சொன்னது. இடையில், 2020 ஜூனில், சாத்தான்குளத்தில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது நாடே கொதித்தது. யார் நல்லவர் என்று நாம் முன்கூட்டியே முடிவுசெய்திருந்தோம். கைதாகும் இரவில் சட்டத்துக்கு அது தெரியாது. தெரிந்ததுபோல் நடக்கவும் கூடாது.

அமெரிக்காவில் 1966இல் வந்த மிராண்டா தீர்ப்புக்குப் பிறகு, 'நீங்கள் மௌனமாக இருக்கலாம்' என்று கைதானவரிடம் சொல்வது அங்குள்ள போலீஸ் தொடர்களின் வழக்கமான வசனமாயிற்று. காவல் நிலையத்தை மிதிக்காதவரும் அதை அறிவார். அதே நாட்டின் '24' என்ற தொடர் சித்திரவதையை வீரமாகக் காட்டியதால், 2006இல் ராணுவக் கல்லூரித் தளபதி ஒருவர் படப்பிடிப்புத் தளத்துக்கே போய் ஆட்சேபித்ததும் நடந்தது.

நம் திரையுலகமும் முயன்றிருக்கிறது. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் கொல்லப்பட்ட ராஜாகண்ணுவின் மனைவிக்காக வாதாடியவர், ஸ்ரீரங்கத்தில் பிறந்த கே.சந்துரு. அவ்வழக்கை 2021இல் 'ஜெய் பீம்' திரைக்குக் கொண்டுவந்த பிறகு பக்கத்து வீட்டு மாமி, "ஆட்கொணர்வு மனுன்னா என்ன?" என்று என்னிடம் கேட்டார். பல வருடத் தொடர்கள் எழுப்பாத கேள்வி அது.

காவலில் இருப்பவருக்கு, வருமானம் எதுவானாலும், இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. அதற்கான தேசிய உதவி எண் 15100. அடுத்த முறை ஜீப் வந்து நிற்கும்போது, கதாநாயகியின் தந்தை பெரிய மனிதர் வீட்டுக்கு ஓடாமல் அந்த எண்ணை அழைக்கட்டும். 24 மணி நேரம் முடிகிறதா என்று கடிகாரத்தைப் பார்த்தபடி நீதிமன்ற வாசலில் காத்திருக்கும் குடும்பத்தை வைத்தே ஒரு வாரத்துக்குக் கதை நடத்தலாம், கண்ணீருக்கும் குறைவிருக்காது.