ஒலித்தும் ஓடாத மோட்டார்

தில்லியின் மார்கழிக் காலையில், சாவியைத் திருப்பியதும் மோட்டார் வண்டி 'டிக்' என்று மட்டும் ஒலித்து அசையாது நிற்பதுண்டு. குளிரில் பாட்டரியின் ஆற்றல் குன்றும். என்ஜின் எண்ணெயும் தடிக்கும்.

அன்பர்களே, ஸ்டார்ட்டரை மாற்றுமுன், உள்விளக்கை ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். 'டிக் டிக்' எனப் பலமுறை ஒலித்து விளக்கும் மங்கினால், குறை பெரும்பாலும் பாட்டரியிலோ அதன் இணைப்பிலோ உள்ளது. மின்னேற்றம் நிறைந்த பாட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் குறைந்தால் மின்னேற்றம் தேவை. முனைகளில் வெண்படலம் படிந்திருப்பின், கம்பிகளைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் துடைத்து, இறுகப் பூட்டுங்கள். எதிர்முனையை முதலில் கழற்றிக் கடைசியில் பூட்டுதல் வேண்டும். இல்லையேல் தீப்பொறி பறக்கலாம்.

விளக்கு மங்காது ஒரே ஒரு 'டிக்' கேட்பின், ஸ்டார்ட்டரை ஐயுறலாம். பட்டறையில் இவ்வேறுபாட்டை எடுத்துரைப்பவர், மொழி புதிதான ஊரிலும் வீண்செலவுக்கு ஆளாகார்.