காட்சிக்குக் கட்டணம்: பதுளைப் புகையிரதத்தின் முதல் வகுப்பு

பயணச் சீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு பங்கு உண்டு. ஒரு பங்கு, ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போய்ச் சேர்வதற்கானது. மறு பங்கு, போய்ச் சேரும்வரை அடையும் வசதிக்கானது. முதற் பங்கைப் பற்றி எவரும் வழக்காடுவதில்லை. மூன்றாம் வகுப்பிற் சென்றவரும் முதல் வகுப்பிற் சென்றவரும் ஒரே நேரத்தில் ஒரே மேடையிலேயே இறங்குகின்றனர். இரண்டாம் பங்கே ஆராய்தற்குரியது. அதனுள்ளும், வழியிற் காணும் காட்சியின் பெயரால் வாங்கப்படும் மேலதிகக் கட்டணம் தகுமா தகாதா என்பது, மலைநாட்டுப் புகையிரதத்தில் ஏறும் பலருடைய உள்ளத்திலும் எழும் வினாவாகும்.

கடற்பயணத்தில் இவ்வினா மிகத் தெளிவாகக் காணப்படுகின்றது. உல்லாசக் கப்பல்களில் அறைகள் பொதுவாக மூன்று தரத்தின. கப்பலின் நடுப்பாகத்தில் யன்னலே இல்லாத உள்ளறை ஒன்று. திறக்க முடியாத கண்ணாடியூடாகக் கடலைக் காட்டும் அறை மற்றொன்று. மூன்றாவது, கதவைத் திறந்தால் இரண்டு நாற்காலி போடத்தக்க சிறு பல்கனியுடன் கூடிய அறை. முற்காலக் கப்பல்களிற் பல்கனி அருமையாகவே இருந்தது. 1984-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய 'ரோயல் பிரின்செஸ்' என்னும் கப்பல், எல்லா அறைகளையும் வெளிப்புறம் நோக்கியே அமைத்துப் பெயர் பெற்றது. அதன் பின்னர் கட்டப்பட்ட பெருங்கப்பல்களிற் பல்கனி அறைகள் பெருகின. இத்தகைய கப்பற் பயணம் தமிழருக்கும் இப்போது அந்நியமன்று. 1990-இல் கட்டப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் கப்பல், 2023 ஜூன் மாதத்திற் சென்னையிலிருந்து புறப்பட்டு, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்து சென்றது.

அச்சிறு பல்கனிக்குக் கூடுதற் பணம் கொடுக்கலாமா என்று கேட்பவர், இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் எத்தனை மணி நேரம் அவ்விடத்தில் இருக்கப் போகிறார் என்பது முதற் கேள்வி. அதே காட்சியும் அதே காற்றும் வேறிடத்தில் இலவசமாகக் கிடைக்கின்றனவா என்பது இரண்டாவது. கப்பலின் மேற்றளம் எல்லாப் பயணிகளுக்கும் பொது. அங்கே நின்றால் நாற்புறமும் கடல் தெரியும். பல்கனியில் அமர்ந்தவருக்கோ ஒரு புறமே தெரியும். பகல் முழுதும் மேற்றளத்தில் உலாவுகின்ற இளைஞனுக்குப் பல்கனி வீண் செலவு. கூட்டத்தில் நடமாட இயலாத முதியவருக்கு அஃது ஆறுதல். தோட்டத்து லயத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம் வாழ்ந்தபோது, முன்புறத்து இஸ்தோப்பு எவ்வளவு பெரிய உதவியாக இருந்தது என்பதை மலையகத்தார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. உள்ளே அடைபட்டிருக்கும் காலம் நீளுந்தோறும் வெளியே ஒரு முழ இடத்தின் மதிப்பும் உயர்கின்றது.

கடலைக் காணாத ஊவா மாகாணத்தில் இதே கணக்கைப் புகையிரதத்திற்குப் போட்டுப் பார்க்கலாம். நமுனுகுல, பசறை முதலிய பகுதியார், பதுளையிலோ தெமோதரையிலோ எல்லவிலோ வண்டி ஏறுவர். அவ்வண்டி செல்லும் பாதை, உலகெங்கணுமிருந்து மக்கள் வந்து பணம் கொடுத்துக் காணும் பாதை. ஆயினும், அது காட்சிக்கென்று போடப்பட்டதன்று. கோப்பியையும், பின்னர் தேயிலையையும் துறைமுகத்திற்குக் கொண்டு செல்லவே அது படிப்படியாக மலை ஏறியது. 1867-இற் கண்டியை அடைந்த புகையிரதம், 1885-இல் நானுஓயாவுக்கும், 1893-இல் ஹப்புத்தளைக்கும், 1894-இற் பண்டாரவளைக்கும் வந்தது. அங்கிருந்து பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924-ஆம் ஆண்டிலேதான் முதல் வண்டி பதுளைக்கு வந்து சேர்ந்தது.

அக்காலத்தில் முதல் வகுப்பிற் சென்றவர் துரைமார். மூன்றாம் வகுப்பிற் சென்றவர் தொழிலாளர். தொழிலாளர் அதனைக் 'கோச்சி' என்றனர். 1964-ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவானது. அதன் பின்னர், ஊவாத் தோட்டங்களிலிருந்தும் பல குடும்பங்கள் இப்பாதையாலேயே இறங்கித் தலைமன்னாருக்குச் சென்றன. பிறந்த மலையைக் கடைசி முறையாக அவர்கள் கண்டதும் இவ்வண்டியின் யன்னலூடாகவே.

காட்சிக்கென்று தனி இடம் விற்கும் வழக்கம் பின்னர் வளர்ந்தது. 1956-இல் தொடங்கிய 'உடரட்ட மெனிக்கே' முதலிய பகல் வண்டிகளில், முதல் வகுப்பாகக் 'காட்சிப் பெட்டி' நெடுங்காலம் இணைக்கப்பட்டு வந்தது. வண்டியின் கடைசியில் அமையும் அப்பெட்டியின் பின்சுவர் பெரிய கண்ணாடியாலானது. ஆசனங்கள் பின்னோக்கி இருக்கும். கடந்து வந்த தண்டவாளமும் சுரங்க வாயும் சிறுத்து மறைவதை அமர்ந்தபடியே காணலாம். பிற்காலத்தில் வந்த வண்டித் தொடர்களில், குளிரூட்டிய பெட்டியே முதல் வகுப்பாயிற்று. அதன் யன்னல்கள் திறப்பதில்லை. இரண்டாம், மூன்றாம் வகுப்புகளின் யன்னல்களோ திறக்கும்.

இவற்றுள் எதிலிருந்து காட்சி நன்றாகத் தெரியும் என்பதற்கு, பாதையின் அமைப்பே விடை கூறுகின்றது. மலைப்பாதையின் ஏற்றம் 44 அடிக்கு ஓரடி என்னும் அளவு செங்குத்தானது. அதன் வளைவுகளோ 5 சங்கிலி ஆரம் வரை, அதாவது ஏறத்தாழ 100 மீட்டர் வரை, இறுகியவை. இதனால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. வண்டி விரைந்து செல்ல இயலாது. ஆகவே, திறந்த யன்னலருகே அமர்ந்தவரைக் காற்று வருத்துவதில்லை, காட்சியும் கண்ணுக்கு முன்னே நின்று செல்கின்றது. அன்றியும், வளைவு தோறும் வண்டி வில்லைப் போல் வளைகின்றது. நடுப்பெட்டியில் இருப்பவர் ஒரு புறத்தில் இயந்திரத்தையும் மறு புறத்திற் கடைசிப் பெட்டியையும் ஒருங்கே காண்கிறார். பின்கண்ணாடியின் அருகில் இருப்பவருக்கு இந்தக் காட்சி கிட்டுவதில்லை. கடைசிப் பெட்டிக்கு ஆட்டமும் மிகுதி. அப்பெட்டி இயந்திரத்தை அடுத்து இணைக்கப்படும் நாளிலோ, கண்ணாடியில் இயந்திரத்தின் முகமே தெரியும்.

எந்தப் புறம் அமர்வது என்பதும் கட்டணத்தைவிடப் பெரிது. கொழும்பிலிருந்து வருவோர், பட்டிப்பொலக்கு அப்பால் 1,898 மீட்டர் உயரமான உச்சியைக் கடந்து, சுரங்கத்தினூடாக ஊவாவினுள் நுழைகின்றனர். ஒஹியவிலிருந்து ஹப்புத்தளை வரை, தெற்கே தாழ்ந்து செல்லும் பெருஞ்சரிவு வலப்புறத்தில் விரிகின்றது. இதல்கஸ்ஹின்னவில் இருபுறமும் பள்ளம். ஹப்புத்தளை கடந்தபின் ஊவாப் பள்ளத்தாக்கு இடப்புறத்தில் திறக்கின்றது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில், 1921-இற் கட்டி முடிந்த ஒன்பது வளைவுப் பாலம் வருகின்றது. தெமோதரையில் பாதை குன்றைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்துக்குக் கீழேயே ஒரு சுரங்கத்தினூடாகச் செல்கின்றது. அச்சுற்றிலே இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடுகின்றன. அதன் பின், 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் நமுனுகுல மலை, பதுளை வரை பெரும்பாலும் வலப்புறத்தே துணை வருகின்றது. ஒரு புறத்து ஆசனத்தை எவ்வளவு பணம் கொடுத்து வாங்கினாலும், பாதை தன் போக்கிற் காட்சியைப் பங்கிட்டுக் கொடுக்கின்றது.

பருவமும் கவனிக்கத்தக்கது. தென்மேற்குப் பருவமழை ஹட்டன் பக்கத்தை நனைக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், ஊவாவிற் கச்சான் காற்று வீசி வானம் தெளிந்திருக்கும். ஊவாத் தேயிலையின் தனி மணத்துக்கும் அக்காற்றே காரணம் என்பர். சுரங்கத்தின் ஒரு வாயில் மழையும் மறு வாயில் வெயிலுமாக இருப்பதைப் பயணிகள் வியந்து கூறுவதும் அப்போதுதான். நவம்பர், டிசம்பர் மாதங்களிலோ ஊவாவை மழையும் மூடுபனியும் மறைத்துவிடும். குளிரூட்டிய பெட்டியின் கண்ணாடியிலும் நீர் படியும். அந்நாளில் முதல் வகுப்புப் பயணி காண்பதும் மூன்றாம் வகுப்புப் பயணி காண்பதும் ஒரே வெண்மைதான். இரவு அஞ்சல் வண்டியைப் பற்றி நெடிது கூற வேண்டியதில்லை. அதிற் படுக்கைக்குக் கொடுக்கும் பணம் உறக்கத்தின் விலை. யன்னலின்றியே அது பயன் தரும்.

இவ்வளவிற்கும் பின், மேலதிகக் கட்டணம் முற்றிலும் வீண் என்று முடிவு செய்வது பொருந்தாது. கொழும்பிலிருந்து பதுளைக்குப் பாதையின் நீளம் 290 கிலோமீட்டர் அளவு. பகற்பயணம் ஒன்பது, பத்து மணி நேரத்தை விழுங்கும். அவ்வளவு நேரம் நின்று வர இயலாதவர் உளர். கண்ணில் சத்திர சிகிச்சை செய்து திரும்பும் பாட்டி, கைக்குழந்தையுடன் வரும் தாய், முழங்கால் நோயுள்ள முதியவர் ஆகியோருக்கு உறுதியான ஆசனமே பெரும்பேறு. அதற்கு இரண்டாம் அல்லது மூன்றாம் வகுப்பில் முன்பதிவு கிடைத்தாலே போதும். கூட்டமும் புழுதியும் நோயாளிக்கு ஆகாவென்றால், குளிரூட்டிய பெட்டிக்குக் கொடுப்பதும் தகும். அப்பணம் உடம்பின் அமைதிக்குக் கொடுக்கப்படுகின்றது என்பதை அறிந்து கொடுத்தால், பின்னர் ஏமாற்றம் இராது.

ஆனால், முன்பதிவு ஆசனம் கிடைப்பதே அரிதாகிவிட்டது என்பது இன்னொரு துயரம். எல்லவுக்கு வரும் உல்லாசப் பயணிகள் பெருகியதும், சீட்டுகளை மொத்தமாக வாங்கிப் பன்மடங்கு விலைக்கு விற்போர் தோன்றினர். 2025 ஜனவரியிற் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் இதனை விசாரித்துச் சிலரைக் கைது செய்தது. அவ்வாறு விற்கப்படும் ஒவ்வோர் ஆசனமும், கண்டி ஆஸ்பத்திரிக்கோ பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கோ போக வேண்டிய ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டதாக இருத்தல் கூடும். காட்சியை விரும்புவோருக்கு வேறு நாளும் வேறு வண்டியும் உண்டு. மருத்துவர் குறித்த நாளும் பரீட்சை நாளும் மாறுவதில்லை. ஆதலின், அநியாய விலைக்குச் சீட்டு வாங்காதிருப்பது பணத்தை மிச்சப்படுத்துவதோடு, பிறருக்குச் செய்யும் உதவியுமாகும்.

பாதை இருந்தாலன்றோ ஆசனத்தைப் பற்றிப் பேசுவது! 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைத் தாக்கியபோது, இப்பாதை பல இடங்களிற் சிதைந்து, கொழும்புக்கும் பதுளைக்கும் இடையிலான நேரடிப் போக்குவரத்து நின்றது. அப்போது முதல் வகுப்புப் பெட்டியும் மூன்றாம் வகுப்புப் பெட்டியும் ஒன்றுபோலவே பயனற்று நின்றன. எனவே, புறப்படுமுன் வண்டி எந்த நிலையம் வரை செல்கின்றது என்று கேட்டறிவது முதற் கடமை.

வண்டி ஓடும் நாளில், நடுப்பெட்டியொன்றில், திறக்கும் யன்னலருகே ஓர் இடம் கிடைத்தவர் காட்சிக்காக மேலும் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. வாயிற்படியில் தொங்கிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். அவ்வாறு உயிரிழந்தோர் உளர். எட்டிப் பார்க்கும் பிள்ளைகளுக்கு, பச்சைப் போர்வைபோல் தெரியும் அம்மலைகளில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் கைகள் இருப்பதையும், அக்கைகளுக்குரியோர் வாழும் லயங்களையும் பெற்றோர் காட்டிச் சொல்லலாம். எந்த வகுப்பின் சீட்டிலும் அச்சடிக்கப்படாத பாடம் அது.