விசேட வைத்தியர் எங்கிருந்து வருகிறார்?

"டாக்டராகி ரெண்டு வருசமாச்சே தம்பி, இன்னும் என்னா பரீட்ச?"

மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு லயத்தில், தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு அந்த அப்பா கேட்டார். உள்ளே மகள் படித்துக்கொண்டிருந்தார். அந்தத் தோட்டத்திலிருந்து மருத்துவ பீடத்துக்குப் போன முதல் பிள்ளை. தூர ஊர் வைத்தியசாலையொன்றில் வேலை. விடுமுறையில் வந்தும் புத்தகத்தை மூடவில்லை.

எனக்கும் மஸ்கெலியாவுக்கும் தொடர்பு உண்டு. 1977 வன்முறைக்குப் பிறகு இங்கிருந்து கிளிநொச்சிக்குப் போன குடும்பம் எங்களுடையது. யுத்தம் முடிந்த பிறகு அம்மாவைக் கிளினிக் கூட்டிப்போன நாட்களில், "ஸ்பெஷலிஸ்ட் மாறிப் போயிட்டார், யாழ்ப்பாணம் கொண்டு போங்கோ" என்ற பதிலைப் பலமுறை கேட்டிருக்கிறேன். மலையகத்தில் அதையே "கண்டிக்குக் கொண்டு போங்க" என்கிறார்கள். அந்த வெற்றுக் கதிரைக்கு ஆள் எப்படி வருகிறார் என்பதை நாங்கள் யாரும் கேட்டதில்லை. அப்பாவின் கேள்விக்கு விடை அதிலேயே இருக்கிறது.

இலங்கையில் விசேட வைத்திய நிபுணர்களை உருவாக்கும் பொறுப்பு கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்டப்பின் மருத்துவ நிறுவகத்துடையது. 1980ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் இது கொழும்பு 7இல் இருக்கிறது. தீவின் எந்த மருத்துவ பீடத்தில் படித்தவரும் இங்குதான் வரவேண்டும்.

வழி இதுதான். எம்.பி.பி.எஸ். ஐந்து வருடம். உள்ளகப் பயிற்சி ஒரு வருடம். பிறகு இலங்கை மருத்துவ சபையில் முழுப் பதிவு. அதன்பின் குறைந்தது ஒரு வருட சேவை இருந்தால், பொது மருத்துவம் போன்ற துறைகளின் தெரிவுப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாம். இந்தப் பிள்ளை நிற்பது இந்தப் படியில்.

இதில் சித்தியடைந்தால் மட்டும் போதாது. பயிற்சி இடங்கள் மட்டுப்படுத்தப்பட்டவை என்பதால் புள்ளி வரிசையில் முன்னுக்கு வரவேண்டும். தெரிவானவர், அங்கீகரிக்கப்பட்ட வைத்தியசாலைகளில் விசேட வைத்தியர்களின் கீழ் வேலை செய்துகொண்டே படிப்பார். துறைக்குத் துறை காலம் மாறும். பொது மருத்துவத்தில் சுமார் மூன்று வருடம். முடிவில் எம்.டி. பரீட்சை.

எம்.டி. முடித்தவரும் உடனே விசேட வைத்தியர் ஆகிவிடுவதில்லை. சிரேஷ்ட பதிவாளராகப் பெரும்பாலும் இரண்டு வருடம் வேலை செய்யவேண்டும்; அதில் ஒரு பகுதி வெளிநாட்டில். திரும்பி வந்து நாட்டில் சேவை செய்வதாகப் பிணை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். கடைசியாக ஒரு மதிப்பீடு. அதிலும் தேறினால்தான் 'போர்ட் சேர்டிபிகேஷன்' எனும் சபைச் சான்று. பிறகே சுகாதார அமைச்சு அவரை ஒரு வைத்தியசாலைக்கு நியமிக்கும்.

கூட்டிப் பார்த்தால் பல்கலைக்கழக வாசலிலிருந்து ஏறத்தாழ 12 வருடங்கள். டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் வைத்தியசாலையை 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். கட்டடத்தை ஒரே நாளில் திறக்கலாம். அதற்குள் இருக்கவேண்டிய வைத்தியரைப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே தயார்படுத்தத் தொடங்கியிருக்க வேண்டும்.

இனி, எங்கள் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்ப்போம்.

மருத்துவ பீடத்துக்குப் போகும்போது மாவட்ட ஒதுக்கீடு உண்டு. 40 வீதம் தீவளாவிய திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் நுவரெலியாவும் வடக்கின் ஐந்து மாவட்டங்களும் இருக்கின்றன. தெரிவுப் பரீட்சையில் அப்படி எதுவும் இல்லை. கொழும்பில் பிறந்தவரும் மஸ்கெலியாவில் பிறந்தவரும் ஒரே தாளை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. உயிரைக் கையில் எடுப்பவருக்குத் திறமைதான் அளவுகோல். ஆனால் படிக்கக் கிடைக்கும் நேரம் எல்லோருக்கும் ஒன்றல்ல.

"பெரிய ஆஸ்பத்திரில இருக்கிற பேட்ச்மேட்டுக்கு, ரவுண்ட்ஸ் போகும்போதே பாதிப் படிப்பு முடிஞ்சிரும். நான் இருக்கிற இடத்துல கேட்டுத் தெரிஞ்சிக்க ஸ்பெஷலிஸ்டே இல்லண்ணா" என்றார் அந்தப் பிள்ளை. விசேட வைத்தியர் இல்லாத இடத்தில் பயிற்சியும் இல்லை. பயிற்சி இல்லாத இடத்துக்கு இளம் வைத்தியர்கள் விரும்பி வருவதுமில்லை. வெற்றுக் கதிரை வெறுமையாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2022 நெருக்கடிக்குப் பிறகு பலர் வெளிநாடு போனதும் சேர்ந்துகொண்டது. இவர் கைப்பேசியிலும் பிரித்தானியப் பரீட்சை ஒன்றின் பாடங்கள் இருக்கின்றன. எதை எழுதுவது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

இன்னொரு தடை காகிதம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்துக்கூட்டல். இவருக்கு அப்பாவின் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதம். தோட்டத்துப் பெயர்களைக் கேட்டு எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். வன்னியில் எங்களுக்கோ சான்றிதழ்ப் பையே பதுங்குகுழியோடு போனது. விண்ணப்ப முடிவுத் திகதி இதற்கெல்லாம் காத்திருக்காது. ஆகவே வீட்டில் மருத்துவம் படிக்கும் பிள்ளை இருந்தால், இப்போதே மூன்று வேலைகளைச் செய்யுங்கள். பெயர் வித்தியாசங்களைப் பதிவாளர் அலுவலகத்தில் திருத்துங்கள். தேவையானால் சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். பட்டம், உள்ளகப் பயிற்சி, மருத்துவ சபைப் பதிவு, சேவைக்காலக் கடிதம் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வேறொரு இடத்திலும் வையுங்கள். நிறுவகத்தின் இணையத்தளத்தில் அறிவித்தலைத் தேடிப் பாருங்கள். சேவைக்காலம் எந்தத் திகதிக்குள் நிறைவடைய வேண்டும் என்பது அதில்தான் இருக்கும்.

நோயாளிகளாகிய எங்களுக்கும் ஒன்று. ஸ்பெஷலிஸ்ட் இல்லை என்று சொன்னால், "எப்போது வருவார்?" என்பதோடு நிற்கவேண்டாம். "இந்தப் பதவிக்கு அனுமதி இருக்கிறதா, கடைசியாக எப்போது வெற்றிடம் அறிவிக்கப்பட்டது?" என்றும் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது.

அப்பாவுக்கு இவ்வளவையும் சுருக்கிச் சொன்னேன். விரல்விட்டு எண்ணினார்.

"அப்ப இன்னும் அஞ்சாறு வருசமா?"

"தெரிவானா அப்படித்தான். பயிற்சிக் காலத்துல சம்பளம் வரும், பயப்படாதீங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்துபோய் தகரப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்த தன் பிறப்புச் சான்றிதழை எடுத்து வந்தார். "நாளைக்கு டவுனுக்கு எறங்குறேன். எந்தப் பேரு சரின்னு புள்ளகிட்டக் கேட்டு எழுதித் தாங்க தம்பி."