விழாத வீழ்படிவும் விடைதான்

வேதியியல் செய்முறைத் தேர்வில் கைக்கு வந்த உப்பு நீலமாக இருந்துவிட்டால் மாணவர் முகத்தில் நிம்மதி தெரியும். நீலம் என்றால் தாமிரம். பச்சை என்றால் நிக்கல், இல்லாவிட்டால் இரும்பு. வெளிர் ரோஜா நிறம் என்றால் மாங்கனீஸ். விடையை முதலில் முடிவு செய்துகொண்டு, மனப்பாடம் செய்த சோதனைகளை அதற்கேற்ப எழுதிக்கொண்டு போவது நம் ஆய்வகங்களில் பழகிப்போன காரியம். மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. வெள்ளைப் பொடி வந்தால்தான் திண்டாட்டம். காரீயம், துத்தநாகம், அலுமினியம், கால்சியம், பேரியம், மெக்னீசியம், அம்மோனியம் எல்லாமே வெள்ளை உப்பாக வரக்கூடியவை. அங்கே கண் உதவாது, முறைதான் உதவும். அந்த முறைக்குள் எவ்வளவு கூர்மையான சிந்தனை இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தருவதே இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

தொகுதி ஒன்று, தொகுதி இரண்டு என்று இன்று நாம் நடத்தும் வரிசையைப் பாடமாக நிலைநிறுத்தியவர் ஜெர்மனியின் கார்ல் ரெமிகியுஸ் ஃபிரெசேனியுஸ். 1818இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். மருந்துக் கடையில் தொழில் பழகியவர். பான் நகரில் படித்த காலத்தில் தன் சொந்தப் பயிற்சிக்காக எழுதி வைத்த குறிப்புகளே 1841இல் பண்பறி பகுப்பாய்வு நூலாக வெளிவந்தன. அவருக்கு முன்பே தனித்தனிச் சோதனைகள் ஏராளமாக இருந்தன. அவற்றில் சிலவற்றை மட்டும் பொறுக்கி, எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்று ஒழுங்குபடுத்தியது அவர் செய்த பெரிய வேலை. கண்வேறுபட்ட சல்லடைகளை அடுக்கிவைத்துச் சலிப்பதுபோல, உலோக அயனிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து ஒதுக்கிக்கொண்டே வருகிறது இந்த முறை.

முதல் தொகுதிக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். காரீயம், வெள்ளி, மெர்குரஸ் அயனி ஆகியவை மட்டும் குளோரைடாக வெள்ளையாய் விழும். காரீயக் குளோரைடு வெந்நீரில் கரைந்துவிடும்; அந்தச் சூடான கரைசலில் பொட்டாசியம் அயோடைடு சேர்த்து ஆறவிட்டால் பொன் துகள்கள் மினுமினுத்து இறங்கும். ஆய்வகத்தில் அதைவிட அழகான காட்சியை நான் பார்த்ததில்லை.

முறையின் உயிர்நாடி இரண்டாம், நான்காம் தொகுதிகளில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வாயுதான், ஹைட்ரஜன் சல்ஃபைடு. அமிலக் கரைசலில் செலுத்தினால் தாமிரம் கருப்பாகவும், காட்மியம் மஞ்சளாகவும், ஆன்டிமனி ஆரஞ்சு நிறத்திலும் விழும். அதே வாயுவை அம்மோனியா சேர்த்த காரக் கரைசலில் செலுத்தும்போதுதான் துத்தநாகமும் மாங்கனீசும் நிக்கலும் கோபால்ட்டும் விழுகின்றன. ஏன் இந்த வேறுபாடு? ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒரு வலுக்குறைந்த அமிலம். கரைசலில் ஏற்கெனவே அமிலம் இருந்தால் அது பிரிந்து சல்ஃபைடு அயனி தருவது அடங்கிப்போகும். அந்தச் சொற்ப சல்ஃபைடே தாமிரத்துக்குப் போதும், துத்தநாகத்துக்குப் போதாது. இரண்டு சல்ஃபைடுகளின் கரைதிறன் பெருக்கத்துக்கும் இடையே லட்சம் கோடி மடங்கு என்ற அளவில் வேறுபாடு உண்டு. அமிலம் கூடிப்போனால் காட்மியம் விழாமல் தப்பிவிடும். குறைந்துபோனால் துத்தநாகம் முன்கூட்டியே விழுந்துவிடும். ஏறத்தாழ 0.3 மோலார் செறிவு என்ற அந்தச் சிறிய இடைவெளியில் நின்றுகொண்டுதான் முழு முறையும் நடக்கிறது. வகுப்பறையில் சமன்பாடாக எழுதிப் போடும் பொது அயனி விளைவு சோதனைக்குழாய்க்குள் கண்ணெதிரே நடப்பது இங்கேதான்.

மூன்றாம் தொகுதிக்குப் போகுமுன் கரைசலைக் கொதிக்கவைத்து வாயுவை ஓட்டிவிட்டு, அடர் நைட்ரிக் அமிலம் சில துளிகள் விடுகிறோம். எதற்கு என்று கேட்டால் செய்முறையில் அப்படித்தான் இருக்கிறது என்பார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு ஃபெரிக் அயனியை ஃபெரஸாக ஒடுக்கியிருக்கும். அதைத் திரும்ப ஃபெரிக்காக மாற்றினால்தான் இரும்பு முழுவதும் செம்பழுப்பாக விழும். அம்மோனியாவுக்கு முன்னால் அம்மோனியம் குளோரைடைச் சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. அது ஹைட்ராக்சைடு அயனியை அடக்கிவைப்பதால் மெக்னீசியமும் மாங்கனீசும் கரைசலிலேயே நின்றுவிடுகின்றன. மாற்றிச் சேர்த்தால் அவையும் வந்து கலந்துவிடும். ஒவ்வொரு துளிக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கிறது.

இளநிலை வேதியியல் வகுப்பில் கொடுக்கும் கலவை உப்பில் பாஸ்பேட் போன்ற இடையூறு செய்யும் அமில உறுப்பு சேர்ந்திருந்தால் வேலை இன்னும் கடினம். அமிலத்தில் சாதுவாகக் கரைந்திருக்கும் கால்சியமும் பேரியமும், கரைசல் காரமானதும் பாஸ்பேட்டாகி மூன்றாம் தொகுதியிலேயே விழுந்து ஏமாற்றும். அதனால்தான் முதலில் அந்த இடையூற்றை நீக்கச் சொல்கிறார்கள்.

சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வீழ்படிவாக்குவது எளிதல்ல; சுடரில் காட்டிவிடலாம். சோடியத்தின் பொன்மஞ்சள், பொட்டாசியத்தின் ஊதாவை மறைத்துவிடும் என்பதால் நீலக் கோபால்ட் கண்ணாடி வழியாகப் பார்க்கிறோம். பன்சனும் கிர்ச்சாஃபும் ஹைடெல்பர்க்கில் கண்ணாடிக்குப் பதில் முப்பட்டகத்தை வைத்தார்கள். டுர்க்ஹைம் ஊற்று நீரில் யாருக்கும் தெரியாத நீலக் கோடுகளைக் கண்டு, 1860இல் சீசியத்தை அறிவித்தார்கள்.

இன்னொரு தனிமம் சுடரின் துணையில்லாமலே அகப்பட்டது. 1885இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் அருகே ஒரு சுரங்கத்தில் ஆர்ஜிரோடைட் என்ற புதிய வெள்ளித் தாது கிடைத்தது. அதைப் பகுத்த கிளெமென்ஸ் விங்க்ளருக்குக் கணக்கு உதைத்தது. வெள்ளி, கந்தகம், மற்ற எல்லாவற்றையும் கூட்டியும் ஏறத்தாழ 7 விழுக்காடு குறைந்தது. திரும்பத் திரும்பச் செய்தார். குறை அப்படியே நின்றது. அதைக் கைத்தவறு என்று தள்ளிவிட அவர் இணங்கவில்லை. மாதக்கணக்கில் தேடினார். ஆர்செனிக், ஆன்டிமனி சல்ஃபைடுகளை வடிகட்டி எடுத்தபின் எஞ்சிய வடிநீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மிகுதியாகச் சேர்த்தபோது ஒரு வெள்ளை வீழ்படிவு இறங்கியது. அது ஒரு புதிய தனிமத்தின் சல்ஃபைடு. 1886 பிப்ரவரி 6 அன்று கண்ட அந்தத் தனிமத்துக்கு அவர் ஜெர்மானியம் என்று பெயரிட்டார். மெண்டலீவ் 1871இல் அதன் அணு நிறை 72 என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். விங்க்ளர் அளந்தது 72.32.

இன்று அணு உறிஞ்சு நிறமாலைக் கருவி, தண்ணீரில் நூறு கோடியில் சில பங்கு காரீயம் இருந்தாலும் காட்டிவிடும். ஹைட்ரஜன் சல்ஃபைடு நச்சு வாயு; அழுகிய முட்டை வாடை எச்சரிக்கும் என்று நம்பவும் முடியாது, அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாமல் போகும். எனவே சரியான காற்றோட்டம் இல்லாத கூடத்தில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. தயோஅசிட்டமைடு கரைசலைச் சூடாக்கிச் சொட்டுக் கணக்கில் சல்ஃபைடு பெறும் வழியிலும் பாதுகாப்பு தேவைதான், ஆனால் வெளிவரும் வாயு மிகக் குறைவு. உப்புப் பகுப்பாய்வையே கைவிட, கருவி வந்துவிட்டதையோ வாயுவின் நச்சையோ காரணமாக்க வேண்டாம்.

மாற்ற வேண்டியது தேர்வை. உப்பின் பெயருக்கு இத்தனை, செய்முறை எழுதியதற்கு இத்தனை என்று மதிப்பெண்ணைப் பிரிக்கும்போது, வீழ்படிவு வராத சோதனைகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்கலாம். வாய்மொழித் தேர்வில், "உன் உப்பில் இருப்பது பேரியம், சரி. துத்தநாகம் இல்லை என்று எந்தக் குழாயைப் பார்த்துச் சொல்கிறாய்?" என்று கேட்கலாம். பின்னாலிருந்து எழுதிக்கொண்டு வந்த மாணவர் அங்கே நின்றுவிடுவார். வரிசையாகச் செய்துகொண்டு வந்தவர், ஒன்றும் விழாமல் தெளிந்து நின்ற நான்காம் தொகுதிக் குழாயை எடுத்துக் காட்டுவார்.